யாரோட இடது?

போன மாசம் ஒரு ராத்திரி அக்கா பையன் சாப்பிட்டு கை கழுவிட்டு வந்து உட்கார்ந்ததும் கேட்டான், "மாமா, நீங்க லெப்ட்டா ரைட்டா?"

காலேஜ்ல முதல் வருஷம் படிக்கிறான். அன்னைக்கு ஏதோ ஒரு விவாதத்துல கூடப் படிக்கிற பையன் ஒருத்தன் இவனைப் பார்த்து "நீ ரைட் விங்டா"ன்னு சொல்லியிருக்கான், அது திட்டா இல்ல சும்மா ஒரு விவரமான்னு இவனுக்குப் பிடிபடல, திட்டுன்னே எடுத்துக்கிட்டு சண்டை போட்டுட்டு வந்திருக்கான். நான் உடனே பதில் சொல்லல. இருபது வருஷத்துக்கும் மேல இந்த ரெண்டு வார்த்தையையும் தினம் படிக்கிறேன், பேசுறேன், எத்தனையோ பேரை இந்த ரெண்டு தட்டுல ஒண்ணுல வச்சு எடை போட்டிருக்கேன், ஆனா நேருக்கு நேர் என்னைக் கேட்டா ஒரே வார்த்தையில சொல்ல வரல. "எதுலடா?"ன்னு திருப்பிக் கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்துடுச்சு. "நழுவாதீங்க மாமா."

நழுவல. அந்த "எதுல"ங்கிற கேள்வியைத்தான் நான் ரொம்ப நாளா மனசுல வச்சிருக்கேன், அதை அவனுக்குப் புரிய வைக்க ஒரு பேப்பரை எடுத்து ஒரு பெரிய நீள ஹால் வரைஞ்சேன், ஒரு முனையில ஒரு நாற்காலி, அதுக்கு ரெண்டு பக்கமும் வரிசை வரிசையா பெஞ்சு. ஒரு பக்கம் "இடது", இன்னொரு பக்கம் "வலது"ன்னு எழுதினேன். அவன் குனிஞ்சு பார்த்துட்டு, "யாரோட இடது? பேப்பரைப் பார்க்கிற எனக்கா, இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கிறவருக்கா?"ன்னு கேட்டான்.

இவ்வளவு நல்ல கேள்வியை என்கிட்ட யாரும் கேட்டதில்ல. நாற்காலியில உட்கார்ந்திருக்கிறவரோட இடது. சபைத் தலைவரோடது. மாடத்துல நின்னு வேடிக்கை பார்க்கிற ஜனம் அவருக்கு எதிர்ல இருந்து பார்த்தா இடது வலதாயிடும், வலது இடதாயிடும். இன்னைக்கு உலகம் பூரா மனுஷங்களைப் பிரிக்கிற ரெண்டு வார்த்தையும் ஒரு காலத்துல ஒரே ஒரு ஆளோட ரெண்டு கைப்பக்கத்தைக் குறிச்ச வார்த்தைங்கதான்.

கதை 1789ல ஆரம்பிக்குது. மே 5ஆம் தேதி பிரான்ஸ்ல வெர்சாய்ங்கிற ஊர்ல ராஜா பதினாறாம் லூயி தன் நாட்டோட மூணு பிரிவுப் பிரதிநிதிகளையும் கூட்டுறார். முதல் பிரிவு பாதிரிமார், ரெண்டாவது பிரபுக்கள், மூணாவது மிச்சம் இருக்கிற எல்லாரும், அதாவது கிட்டத்தட்ட மொத்த நாடும். அன்னைக்கு சிம்மாசனத்துக்கு வலப்பக்கம் பாதிரிமார், இடப்பக்கம் பிரபுக்கள், தூரத்துல எதிர்ப்பக்கம் மூணாவது பிரிவு. ஆமா, முதல் நாள் இடப்பக்கம் உட்கார்ந்தது பிரபுக்கள். அன்னைக்கு அந்தப் பக்கங்களுக்குக் கொள்கைன்னு எதுவும் கிடையாது, யாருக்கு எவ்வளவு மரியாதைங்கிற வரிசை மட்டும்தான் இருந்துச்சு.

அதுக்கப்புறம் எல்லாம் வேகமா நடக்குது. ஜூன் 17 மூணாவது பிரிவு "நாங்கதான் தேசிய சபை"ன்னு அறிவிக்குது, மத்த ரெண்டு பிரிவும் வேற வழியில்லாம அதுல வந்து சேருது, ஜூலை 14 பாஸ்டீல் கோட்டை விழுது, ஆகஸ்ட் 4 ராத்திரி ஒரே அமர்வுல நிலப்பிரபுக்களோட சலுகைகளை ஒழிக்கிறதா தீர்மானம் போடுறாங்க, ஆகஸ்ட் 26 மனித உரிமைப் பிரகடனம். அப்புறம் அரசியல் சட்டம் எழுத உட்காருறாங்க, அங்கதான் அந்தப் பெரிய கேள்வி வருது: சபை ஒரு சட்டம் போட்டா அது வேணாம்னு தடுக்கிற உரிமை ராஜாவுக்கு இருக்கலாமா? வீட்டோன்னு சொல்றோமே, அது. முழு வீட்டோவா, கொஞ்ச காலம் மட்டும் தள்ளிப் போடுற வீட்டோவா, இல்ல எதுவுமே கிடையாதா?

ஆகஸ்ட் கடைசியிலயும் செப்டம்பர்லயும் இந்த விவாதம் நடந்தப்போதான் ஆளுங்க மெல்ல மெல்ல எழுந்து இடம் மாறினாங்க. ராஜாவோட அதிகாரம் நிக்கணும்னு நினைச்சவங்க தலைவரோட வலப்பக்கம், அதைக் குறைக்கணும்னு நினைச்சவங்க இடப்பக்கம். இதைப் பத்தி கோவீல் (Gauville)னு ஒரு பிரபு, அவரும் சபை உறுப்பினர், தன் நாட்குறிப்புல எழுதி வச்சிருக்கார். நாங்க ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் கண்டுக்க ஆரம்பிச்சோம், மதத்துக்கும் ராஜாவுக்கும் விசுவாசமா இருந்தவங்க வலப்பக்கம் போய் உட்கார்ந்தோம், எதுக்குன்னா எதிர்ப்பக்கம் இருந்து வந்த கூச்சலும் வசவும் காதுல விழாம இருக்கங்கிற அர்த்தத்துல எழுதியிருக்கார்.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஆயிரம் பேருக்கு மேல இருக்கிற ஹால், மைக் கிடையாது, எழுந்து நிக்கிறது உட்காருறதை வச்சுத்தான் பெரும்பாலும் ஓட்டு எண்ணுவாங்க, மேல மாடத்துல ஜனம் கத்துது, பக்கத்துல இருக்கிறவன் உனக்கு எதிரா ஊளையிடுறான், நீ என்ன பண்ணுவ? உன்னை மாதிரி நினைக்கிறவன் எங்க இருக்கான்னு தேடி அவன் பக்கத்துல போய் உட்காருவ. கொள்கைக் குழுக்கள் உருவானதுல தத்துவத்துக்கு எவ்வளவு பங்கோ, பக்கத்து சீட்டுக்காரனோட சத்தத்துக்கும் அவ்வளவு பங்கு இருந்திருக்கணும்னு எனக்குத் தோணும். யாரும் அன்னைக்கு "நான் இடதுசாரி"ன்னு சொல்லிக்கிட்டு எழுந்து போகல. ஒரு கேள்விக்கு பதில் சொல்லத்தான் எழுந்து போனாங்க.

அந்த ஒரே கேள்வியிலகூட கோடு சுத்தமா விழல பாருங்க. மிராபோன்னு ஒருத்தர், பிறப்பால பிரபு, ஆனா மூணாவது பிரிவு சார்பா ஜெயிச்சு வந்தவர், சாதாரண ஜனத்தோட குரல்னு அந்த நாள்ல பேர் வாங்கினவர். அவர் வீட்டோ விஷயத்துல ராஜா பக்கம் பேசினார்! அவரோட பயம் வேற. ராஜாவைக் கட்டிப் போட்டுட்டா இந்தச் சபையில இருக்கிற சில நூறு பேரே நாளைக்கு யாராலயும் அசைக்க முடியாத புதுப் பிரபுக்களா மாறிடுவாங்கன்னு பயந்தார். எதிர்ப்பக்கம் சியேஸ், அவர் பாதிரியார், முதல் பிரிவுல உட்கார்ந்திருக்க வேண்டிய ஆளுன்னு நினைப்போம், ஆனா ராஜாவுக்கு எந்த வீட்டோவும் கூடாதுன்னு பேசினார். கடைசியில தள்ளிப் போடுற வீட்டோ மட்டும் ராஜாவுக்குக் கிடைச்சுது.

அக்கா பையன் இதுக்குள்ள கோபத்தை மறந்துட்டான். "அப்போ அந்த ரைட் விங், விங்னா சிறகுதானே, அது எங்க இருந்து வந்துச்சு?"ன்னு கேட்டான். விங்னா சிறகு மட்டும் இல்ல, படையோட ரெண்டு பக்கமும், கட்டடத்தோட ரெண்டு பக்கமும்கூட விங்தான், நடுவுல இருந்து பிரிஞ்சு நீளுற பக்கம். ஆனா நம்ம மொழியில நாம சாரின்னு வச்சிருக்கோம், இடதுசாரி வலதுசாரி, எனக்கு இது இங்கிலீஷ் வார்த்தையைவிட நல்லா பொருந்துற மாதிரி இருக்கு. சாரின்னா வரிசை. சாரி சாரியா போறாங்கன்னு சொல்றோம். தெருவுல வீடுகளோட வரிசையையும் சாரின்னுதான் சொல்லுவோம், எங்க வீடு இந்தச் சாரி, அவங்க வீடு எதிர்ச்சாரின்னு. அந்த எதிர்ச்சாரிங்கிற வார்த்தையை கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. என் வாசல்ல நின்னா உங்க வீடு எதிர்ச்சாரி, உங்க வாசல்ல நின்னா என் வீடு எதிர்ச்சாரி. எந்த வீட்டுக்கும் "எதிர்ச்சாரி"ன்னு நிரந்தரமா பேர்ப்பலகை மாட்ட முடியாது, யார் எங்க நின்னு சொல்றாங்கன்னு தெரிஞ்சாத்தான் அந்த வார்த்தைக்கே அர்த்தம். இடதுசாரியும் வலதுசாரியும் அதே ரகம்தான், ஆனா நாம அதை ஆளோட நெத்தியில ஒட்டிட்டோம்.

இது நான் சும்மா சொல்றதில்ல, முதல் நாலு வருஷத்துலயே நடந்து காட்டின விஷயம். சபை வெர்சாய்ல இருந்து பாரிஸுக்கு மாறி, குதிரைப் பயிற்சிக்காகக் கட்டின ஒரு நீளமான கட்டடத்துல உட்கார்ந்துச்சு. 1791 அக்டோபர்ல புதுச் சட்டசபை வருது. அதுல இடப்பக்கம் இருந்தவங்கள்ல முக்கியமான ஆள் ழாக் பியேர் பிரிஸோ. அடிமை வியாபாரத்துக்கு எதிரா சங்கம் ஆரம்பிச்சவர், ராஜாவை நம்பக்கூடாதுன்னு சொன்னவர். அவருக்கு எதிரா வலப்பக்கம், அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ராஜா இருக்கட்டும்னு சொன்ன குழு. அடுத்த வருஷம் 1792 செப்டம்பர்ல தேசிய கன்வென்ஷன்ங்கிற புதுச் சபை கூடுது, ராஜாங்கமே போயாச்சு, வலப்பக்கம் இருந்த பழைய குழுவும் காணாமப் போயாச்சு. இப்ப அந்தக் காலியான வலப்பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது யாரு? அதே பிரிஸோவும் அவரோட கூட்டாளிகளும். அவங்களைவிடத் தீவிரமான மலைக்குழு, உயரமான பெஞ்சுகள்ல உட்கார்ந்ததால அந்தப் பேர், அதோட முக்கியத் தலைவர் ரோபெஸ்பியர் எல்லாம் அதுலதான், அது இடப்பக்கத்தைப் பிடிச்சிருச்சு. பிரிஸோ ஒண்ணும் பெருசா மாறிடல, அவரைச் சுத்தி இருந்த சபை மாறிருச்சு. 1793 அக்டோபர் 31 அவர் தலை கில்லட்டின்ல போச்சு. அந்தக் குழுவைக் கைது பண்ணினதுக்கு அப்புறம் சபையோட வலப்பக்கம் காலியாவே கிடந்துச்சாம், மிச்சம் இருந்தவங்க பயந்துபோய் நடுவுல நகர்ந்து உட்கார்ந்தாங்களாம். ஒரு வருஷம் முன்னாடி இடதுன்னு கைதட்டல் வாங்கின ஆள் வலதுன்னு செத்துப்போறார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயித்தைப் பிசையும்.

இதே மாதிரி இன்னொண்ணு, நூத்தி முப்பது வருஷம் கழிச்சு, ரஷ்யாவுல. புகாரின் 1918ல போல்ஷ்விக் கட்சிக்குள்ள "இடது கம்யூனிஸ்ட்"களோட தலைவர், ஜெர்மனியோட சமாதான ஒப்பந்தமே போடக்கூடாது, புரட்சிப் போர் நடத்தணும்னு லெனினையே எதிர்த்தவர். அதே புகாரின் 1929ல "வலது விலகல்"னு கட்சியில ஓரங்கட்டப்படுறார், விவசாயிங்களைக் கட்டாயப்படுத்தி கூட்டுப்பண்ணைக்குத் தள்ளாதீங்கன்னு சொன்னதுக்காக. இவர் விஷயத்துல கருத்து மாறினது உண்மைதான். ஆனா கம்யூனிஸ்ட் கட்சிக்குள்ளயே ஒரு வலது இருக்க முடியும்ங்கிறதைக் கவனிங்க. வெளியில இருந்து பார்க்கிறவனுக்கு மொத்தக் கட்சியும் இடதுதான், உள்ள இருக்கிறவனுக்கு அதுலயே இடது வலது நடு எல்லாம் உண்டு, அங்க வலதுன்னு முத்திரை விழுந்தா உயிரே போகும். புகாரினை 1938ல சுட்டுக் கொன்னாங்க. இன்னும் விசித்திரம், 1980கள் கடைசியில சோவியத் தலைவர் கோர்பசேவ் காலத்துல அதே நாட்டுல பழைய கம்யூனிஸ்ட் முறை அப்படியே இருக்கட்டும்னு சொன்னவங்களை வலதுன்னும் சந்தைப் பொருளாதாரம் வேணும்னு சொன்னவங்களை இடதுன்னும் கூப்பிட்டாங்க. வேற நாட்டுக்காரங்களுக்குத் தலை சுத்தும், ஆனா 1789 கணக்குல பார்த்தா அது சரிதான், இருக்கிற அதிகாரத்தைக் காப்பாத்துறவன் வலது, அதை அசைக்கிறவன் இடது.

சாவு கதையா போகுதேன்னு அக்கா பையன் முகம் சுருங்கினதால டென்மார்க்குக்குப் போனேன். அங்க வென்ஸ்ட்ரன்னு ஒரு பெரிய கட்சி இருக்கு. டேனிஷ் மொழியில வென்ஸ்ட்ரன்னா இடது. கட்சிப் பேரே "இடது". ஆனா அது இன்னைக்கு அந்த நாட்டோட முக்கியமான நடு-வலது கட்சி! அது ஆரம்பிச்சது 1870ல, அந்தக் காலத்துல அதுக்கு எதிரா நின்ன தரப்புக்குப் பேர் ஹொய்ர, அதாவது "வலது", ராஜா, பெரிய நிலக்காரங்க எல்லாம் அந்தப் பக்கம். வென்ஸ்ட்ர விவசாயிகளோட கட்சி, பார்லிமெண்ட்டுல பெரும்பான்மை இருக்கிறவங்கதான் ஆட்சி அமைக்கணும், ராஜா தன் இஷ்டத்துக்கு மந்திரிகளை வைக்கக்கூடாதுன்னு முப்பது வருஷம் போராடி 1901ல ஜெயிச்சாங்க. அந்தக் கேள்வியில அவங்க நிஜமாவே இடது. ஆனா அந்தக் கேள்வி தீர்ந்துபோச்சு. அடுத்து தொழிற்சாலைத் தொழிலாளிங்க, சம்பளம், வரி, யார் சொத்து யாருக்குன்னு புதுக் கேள்வி வந்துச்சு, அதுக்கு சமூக ஜனநாயகக் கட்சி இடப்பக்கம் வந்து உட்கார்ந்துச்சு, சொந்த நிலம் வச்சிருந்த விவசாயிகளோட கட்சி தானாவே வலப்பக்கம் தள்ளப்பட்டுச்சு. பேர் மட்டும் அப்படியே நின்னுபோச்சு. பிரான்ஸ்லயும் இதே கதை உண்டு, இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல "இடது குடியரசுக்காரர்"ங்கிற பேரை வச்சுக்கிட்டு நடு-வலதுல இருந்தவங்க நிறைய. பேரை வச்சு நாட்டுக்கு நாடு ஒப்பிட்டா ஏமாந்துதான் போகணும், ஆஸ்திரேலியாவோட லிபரல் கட்சி வலது, அமெரிக்காவுல லிபரல்னா இடது, போர்ச்சுகல்ல சமூக ஜனநாயகக் கட்சின்னு பேர் வச்சிருக்கிறது நடு-வலது.

உட்காருற இடத்தை வச்சு கொள்கை சொல்றதும் எல்லா ஊர் பார்லிமெண்ட்டுக்கும் பொருந்தாது. பிரிட்டன்ல ஆளுங்கட்சி எதுவா இருந்தாலும் சபாநாயகருக்கு வலப்பக்கம், எதிர்க்கட்சி இடப்பக்கம். தேர்தல்ல ஜெயிச்சா இடதுன்னு சொல்ற லேபர் கட்சி வலப்பக்கம் வந்துடும், வலதுன்னு சொல்ற கன்சர்வேட்டிவ் இடப்பக்கம் போயிடும், அங்க இடது வலதுங்கிற பேச்சு தாமதமா வந்ததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கும்னு நினைக்கிறேன். நார்வேயிலயும் ஸ்வீடன்லயும் கட்சி வாரியா இல்லாம தொகுதி வாரியா உட்காருறாங்க. ஐஸ்லாந்துல சீட்டு குலுக்கிப் போட்டு இடம் ஒதுக்குறாங்க. பிரான்ஸ்லயே ரோபெஸ்பியர் போனதுக்கு அப்புறம் இந்தக் குழுக்குழுவா உட்காருற பழக்கத்தை உடைக்கன்னே விதி கொண்டு வந்தாங்க. நெருப்பு எங்க இருந்து பிடிச்சுதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்திருக்கு. ஆனா நெப்போலியனுக்கு அப்புறம் ராஜாங்கம் திரும்பி வந்ததும் பெஞ்சுகள் மறுபடியும் பிரிஞ்சுது, வார்த்தைகளும் கூடவே திரும்பி வந்துச்சு. சபைக்கு வெளிய இருக்கிற சாதாரண ஆள் தன்னை "நான் இடது"ன்னு சொல்லிக்கிறது அதுக்கும் ரொம்ப அப்புறம்தான், ஏறக்குறைய நூறு வருஷம் ஆச்சு.

"சரி மாமா, சீட்டு கதை புரிஞ்சுது. ஆனா இன்னைக்கு லெப்ட்னா ஏழைங்களுக்குச் செய்யணும், ரைட்னா வியாபாரத்தை விடணும், பழசைக் காப்பாத்தணும். அவ்வளவுதானே?"

பெரும்பாலும் அப்படித்தான், அதை நான் மறுக்கல. ஆனா அந்தப் பொட்டலத்தை யார் கட்டினாங்க, அதுக்குள்ள இருக்கிற சாமான் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துதான் இருக்கணுமா? உலகத்துல முதல் முதலா நாடு முழுக்க தொழிலாளிங்களுக்குக் கட்டாய மருத்துவ இன்ஷூரன்ஸ் கொண்டு வந்தது ஜெர்மனி, 1883ல. அடுத்து 1884ல விபத்து இன்ஷூரன்ஸ், 1889ல வயசானவங்களுக்கு பென்ஷன். கொண்டு வந்தவர் அந்த நாட்டு சான்சலர் பிஸ்மார்க், பழமைவாதி, சோஷலிஸ்ட் கட்சியையே 1878ல சட்டம் போட்டு நசுக்கினவர். தொழிலாளி சோஷலிஸ்ட் பக்கம் போகாம இருக்கணும்னா அரசாங்கம் அவனைக் கவனிக்கணும்ங்கிறது அவரோட கணக்கு. நோக்கம் வலது, செஞ்ச வேலை இன்னைக்கு நாம இடதுன்னு சொல்றது. பென்ஷன் வாங்கின கிழவிக்கு எந்தப் பக்கத்துக் காசுன்னு தெரிஞ்சிருக்குமா?

எதிர்ப்பக்கம் ஒண்ணு சொல்றேன், இது எனக்கு வலிக்கிற உதாரணம். பிரான்ஸ்ல பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுக்கணும்னு 1919ல கீழ்சபை தீர்மானம் போட்டு அனுப்புது. 1922ல மேல்சபையான செனட் அதைத் தள்ளிடுது. தள்ளினதுல முன்னாடி நின்னவங்க ரேடிக்கல் கட்சிக்காரங்க, புரட்சியோட வாரிசுன்னு தங்களைச் சொல்லிக்கிட்டவங்க, சபையில இடப்பக்கம் உட்கார்ந்தவங்க. காரணம், பெண்கள் பாதிரியார் சொல்றதைக் கேட்டு ஓட்டுப் போடுவாங்க, குடியரசுக்கு ஆபத்துன்னு பயம். சமத்துவத்தோட பேரைச் சொல்லி நாட்டுல பாதிப் பேரை வெளிய நிக்க வச்சாங்க. மனித உரிமைப் பிரகடனம் எழுதின அதே நாட்டுல பெண்களுக்கு ஓட்டு கிடைக்க 1944 ஆச்சு. நான் சின்ன வயசுல இடதுன்னா எல்லாத்துலயும் நியாயத்தோட பக்கம்னு நம்பினவன், இதைப் படிச்ச அன்னைக்கு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்து பெஞ்சுல இருக்கிறவன் எழுந்து நிக்கிறான்னு நானும் எழுந்து நின்னா, நான் எதுக்கு ஓட்டுப் போட்டேன்னு எனக்கே தெரியாமப் போயிடும்.

சுதந்திர வர்த்தகம், அதாவது வெளிநாட்டுப் பொருளுக்கு வரி போடாம விடுறது, பத்தொன்பதாம் நூற்றாண்டுல நிலப்பிரபுக்களுக்கு எதிரான கோஷம், தானியம் விலை குறைஞ்சா தொழிலாளி பிழைப்பான்னு வாதம். தேசியமும் அப்படித்தான், 1848ல ஐரோப்பா பூரா ராஜாக்களுக்கு எதிரா தெருவுல இறங்கினவங்க தூக்கிப் பிடிச்சது தேசியக் கொடிகளை. ரெண்டும் அன்னைக்கு இடது, பிற்பாடு வலதுக்கு மாறிப்போச்சு.

அப்போ இந்த வார்த்தைகளைத் தூக்கிப் போட்டுடலாமா? நிறைய பேர் அப்படிச் சொல்றாங்க, லெப்ட் ரைட் எல்லாம் செத்துப்போச்சுன்னு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. இத்தாலியத் தத்துவவாதி நொர்பெர்தோ பொப்பியோ 1994ல இதைப் பத்தி எழுதினார், எல்லாம் மாறினாலும் ஒரு நூல் அறுந்துபோகாம ஓடுது, அது சமத்துவம்னு. மனுஷங்களுக்கு நடுவுல இருக்கிற ஏற்றத்தாழ்வுல பெரும்பகுதி நாமளே உண்டாக்கினது, அதைக் குறைக்க முடியும்னு நினைக்கிறவன் இடப்பக்கம் சாய்வான், அதுல பெரும்பகுதி இயல்பானது, அழிக்கப் போனா வேற நல்லதும் அழிஞ்சிடும்னு நினைக்கிறவன் வலப்பக்கம் சாய்வான். சுதந்திரம் எவ்வளவு, அதிகாரம் எவ்வளவுங்கிறது அவர் கணக்குல வேற கோடு, ரெண்டு பக்கத்துலயும் மிதவாதியும் உண்டு, அடக்குமுறைக்காரனும் உண்டு. இது எனக்கு ஓரளவு சரின்னு படுது. பிஸ்மார்க்கையும் ரேடிக்கல் கட்சியையும் இந்தக் கோட்டுல முழுசா அடக்க முடியாதுதான், ஆனா ஒரு விவாதம் சூடா போகும்போது அடியில என்ன ஓடுதுன்னு பார்க்க இது உதவுது.

அளந்து பார்க்கவும் முயற்சி பண்றாங்க. ஐரோப்பாவுல பெரிய கருத்துக்கணிப்புகள்ல ஒரு கேள்வி வழக்கமா இருக்கும், அரசியல்ல இடது வலதுன்னு சொல்றாங்களே, 0ல இருந்து 10 வரைக்கும் உங்களை எங்க வைப்பீங்கன்னு, 0ன்னா இடது, 10ன்னா வலது. ஒரே எண். எனக்கு அந்த எண் மேல மரியாதை உண்டு, லட்சக்கணக்கான பேரை ஒப்பிட வேற வழியில்ல, ஆனா ஒரு மனுஷனைத் தெரிஞ்சுக்க அது போதாது. அதனால அன்னைக்கு அந்தப் பேப்பரோட மறுபக்கத்துல நாங்க ரெண்டு பேரும் பத்து கேள்வி எழுதினோம். பெரிய சொத்துக்கு வாரிசு வரி போடலாமா, மருத்துவம் எல்லாருக்கும் இலவசமா இருக்கணுமா, அரசாங்கம் ஒருத்தரோட போன்ல இருக்கிறதைப் பார்க்கலாமா, தூக்குத் தண்டனை வேணுமா, பள்ளிக்கூடத்துல மதம் சொல்லித் தரலாமா, ஆலைகளை அரசாங்கம் நடத்தலாமா, இப்படி. தனித்தனியா 0ல இருந்து 10 வரைக்கும் போட்டுக்கிட்டோம், மறைச்சு வச்சுத்தான்.

ரெண்டு தாளையும் பக்கத்துல வச்சப்போ அவன் அமைதியாயிட்டான். அவனோட எண்கள்: 2, 1, 9, 8, 3, 7... ஒரே நேர்கோட்டுல எதுவும் இல்ல. என்னோடதும் அப்படித்தான், மருத்துவத்துல 0 போட்ட நான் ஆலை நடத்துற கேள்வியில 6 போட்டிருந்தேன். கூட்டி வகுத்தா ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய 4 வருது. ஆனா தூக்குத் தண்டனையில அவன் 8, நான் 0. அந்த 4ஐ மட்டும் பார்க்கிறவன் நாங்க ஒரே கட்சின்னு நினைப்பான், நாங்களோ அந்த ஒரு கேள்வியில கத்திக்கிட்டு இருந்தோம்.

"அவன் என்னை ரைட் விங்னு சொன்னது எதைப் பேசும்போது தெரியுமா?"ன்னு அப்புறமா சொன்னான். தூக்குத் தண்டனை பத்தித்தானாம். அந்த ஒரு பதிலைக் கேட்டுட்டு இவனோட மிச்ச ஒன்பது பதிலையும் அந்தப் பையன் தானே நிரப்பிட்டான். இவனும் பதிலுக்கு அவனுக்கு நிரப்பிட்டான். ரெண்டு பேரும் அதுக்கப்புறம் பேசல. இந்த வார்த்தைகள்ல என்னைப் பயமுறுத்துறது இதுதான், ஒருத்தன் ஒண்ணு சொன்னா மிச்சத்தை நாமளே சொல்லிக்கிறோம், அவன் வாயைத் திறக்கவே தேவையில்லாமப் போயிடுது. ஒரு கேள்விக்கு நீ எந்தப் பக்கம்னு சொல்ல வந்த வார்த்தை, கேள்வியே இல்லாம ஆளை முடிச்சுக் கட்டுது.

பேப்பரை மடிச்சு வைக்கப் போனேன். அவன் பிடுங்கி மறுபடியும் ஹால் வரைஞ்ச பக்கத்தைத் திருப்பினான்.

"சரி மாமா, எதுலன்னு நானே சொல்றேன். 1789, வீட்டோ. ராஜாவுக்கு இருக்கலாமா கூடாதா? நீங்க எங்க உட்கார்ந்திருப்பீங்க?"

இதுக்கு யோசிக்கவே தேவையில்ல. நாற்காலிக்கு இடப்பக்கம், சியேஸ் பக்கத்துல விரலை வச்சேன். ஜனம் அனுப்பின சபையை ஒரு தனி ஆள், அதுவும் பிறப்பால வந்த ஆள், தடுக்கக்கூடாதுன்னு சொன்னேன். அவன் பேனாவை எடுத்து வலப்பக்கம் ஒரு புள்ளி வச்சு பக்கத்துல மிராபோன்னு எழுதினான்.

"ராஜாவுக்காக இல்ல மாமா. அந்தச் சபை நாலு வருஷத்துல என்ன பண்ணுச்சுன்னு நீங்கதானே இப்பச் சொன்னீங்க? அதைத் தடுக்க யாராவது ஒருத்தர் இருந்திருக்க வேணாமா?"

தடுக்கிறது ராஜாவாத்தான் இருக்கணுமா, கோர்ட்டா இருக்கக்கூடாதான்னு நான் கேட்டேன். அன்னைக்கு அங்க அப்படி ஒரு கோர்ட்டு இருந்துச்சான்னு அவன் கேட்டான். தள்ளிப் போடுற வீட்டோவைத்தான் கொடுத்தாங்களே, அதை வச்சு லூயி என்ன கிழிச்சார், மிஸ்யூ வீட்டோ, அதாவது திருவாளர் வீட்டோன்னு ஜனம் பட்டப்பேர் வச்சதுதான் மிச்சம்னு நான் சொன்னேன். அது வீட்டோவோட தப்பா லூயியோட தப்பான்னு அவன். அக்கா ரெண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க, மூணாவது தடவை "மணி பன்னெண்டு ஆச்சு, ராஜாவை விட்டுட்டு படுங்க ரெண்டு பேரும்"னு ஹால் லைட்டை அணைச்சுட்டாங்க, இருட்டுல அவன் இன்னும் மிராபோவுக்காகப் பேசிக்கிட்டுத்தான் இருந்தான்.